வெளியே எடுக்கத் தெரிந்தவர்

சிஸ்டர் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே வாசல் பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார். பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட். சினிமா கொட்டகையில் வரிசையின் கடைசி நாற்காலி. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் சாப்பாட்டுக் கூடம் எங்கே என்று எல்லோரும் பார்த்தால், அவர் பின்பக்கக் கதவு எங்கே என்று பார்ப்பார். ஒருநாள் என் மனைவி கேட்டேவிட்டாள்.

"ஏன் சிஸ்டர், யாராவது உங்கள புடிச்சுக் கட்டிப் போட்டுருவாங்களா?"

"அய்ய, அதுக்கில்லக்கா. ஒரு எடத்துல பூந்துட்டா வெளிய வரணுமா இல்லியா? அத மொதல்லயே பாத்து வெச்சிகினா அப்பறம் நிம்மதியா குந்திகினு இருக்கலாம்."

அவருக்குப் பெயர் உண்டு. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்ததால் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

அவரை நான் முதலில் பார்த்தபோது என் கட்டைவிரலில் ஒரு தூண்டில் முள் ஏறியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குக் கல்பாக்கத்தில் வேலை, அணுபுரத்தில் வீடு. கப்பலில் வேலை பார்த்த என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பொட்டலம் ரப்பர் மீன்கள் வாங்கி வந்திருந்தான். விரல் நீளம் இருக்கும். தொட்டால் வழவழவென்று ஜெல்லி மாதிரி அமுங்கும். தண்ணீரில் இழுத்தால் வால் மட்டும் துடிக்கும். இறாலும் புழுவும் தேடி அலையாமல் இதையே முள்ளில் கோத்து வீசினால் கொடுவா மீன் வந்து கவ்வும் என்றான். அதற்குத் தகுந்த முள் வாங்கி வர மறந்துவிட்டான். என்னிடமிருந்த பழைய நீளமான முள்ளில் அதைக் கோக்கப் பார்த்தேன். ரப்பர் வழுக்கியது. முள் மீனின் முதுகைத் துளைத்துக்கொண்டு வந்து என் விரலில் இறங்கிவிட்டது.

இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. தூண்டில் முள்ளின் முனைக்குக் கொஞ்சம் கீழே பின்பக்கமாகச் சாய்ந்தபடி ஒரு குட்டி முள் இருக்கும். கவ்விய மீன் உதறிக்கொண்டு போய்விடாமல் தடுப்பது அதுதான். இப்போது என் சதைக்குள் மாட்டிக்கொண்டு நின்றதும் அதுதான். விரலில் ரப்பர் மீன் தொங்க, பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. முப்பது வயது மதிக்கத்தக்க, ஒல்லியான ஒரு நர்ஸ் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு சார் இத புடிச்சி இழுத்தது?"

"நான்தான்."

"இழுத்தா சத கிழியும். உள்ள போறதுக்கு எந்த வழியா இருந்தாலும் போயிடும் சார். வெளிய வர்றதுக்குத்தான் வழி பாக்கணும்."

தையல் நூலை எடுத்து முள்ளின் வளைவில் ஒரு சுற்றுச் சுற்றினார். முள்ளின் காம்பை விரலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எந்த ஊரு சார்?"

"அம்பாசமு..."

வெடுக்கென்று நூலை இழுத்தார். ஊரின் மீதி என் வாயிலேயே நின்றுபோயிற்று. முள் எதிர்ச் சுவரோரம் போய் விழுந்தது. கடலோரக் குப்பங்களிலிருந்து வாரம் ஒருவராவது இப்படிக் கையில் முள்ளோடு வருவார்கள் என்றும், செய்து செய்து கைவந்துவிட்டது என்றும் சொன்னார். ஊசி போட்டு முடித்தபின் கீழே கிடந்த ரப்பர் மீனை எடுத்து இழுத்துப் பார்த்தார்.

"இது இன்னா சார், மிட்டாய் மாதிரி கீது? இத போயி மீனு துண்ணுமா?"

"தின்னாதாம். வாயில வச்சுப் பாக்குமாம். அதுக்குள்ள நாம இழுத்துரணுமாம்."

"பாவம், ஏமாத்தறதுதான்," என்று சிரித்தார். பிறகு முள்ளைப் பொறுக்கி எடுத்து ரப்பர் மீனோடு சேர்த்துப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்ளோ சாதுவான மீனுக்கு இவ்ளோ முரட்டு முள்ளா?"

அப்படித்தான் தொடங்கியது. கட்டுப் பிரிக்கப் போன அன்று என் மனைவியும் கூட வந்தாள். இருவருக்கும் பேச்சுப் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள். வந்தவர், என் தகர டப்பாவிலிருந்த முள்களையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் கொட்டச் சொன்னார். குழம்புக்கு வைத்திருந்த கத்திரிக்காயை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முள்ளையும் அதில் குத்தி, வெளியே எடுத்து, எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சேந்து கொழம்புக்கு வச்ச காயெல்லாம் சல்லடையாக்குதீங்களே!" என்றாள்.

அவர் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே சிறிய, மெல்லிய முள். இடுக்கியால் அதன் குட்டி முள்ளையும் நசுக்கி மட்டமாக்கிவிட்டார். இப்போது அது கத்திரிக்காயிலிருந்து வெண்ணெயில் கத்தி வருவதுபோல் வந்தது. அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி.

அடுத்த வாரம் பாலாறு கடலில் சேரும் வாயலூர்ப் பக்கம் மூன்று பேரும் போனோம். கழிமுகத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த காலை நேரம். எனக்கே ஆச்சரியம், சிஸ்டரின் ரப்பர் மீனைத்தான் கொடுவா கவ்வியது. கோல் வளைந்தது, மீன் ஒருமுறை தண்ணீருக்கு மேலே துள்ளி வாயை உதறியது, நூல் தொய்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தால் முள் நிமிர்ந்து ஊசி மாதிரி நீண்டிருந்தது.

நான் விடவில்லை. "சிஸ்டர், வெளியே வர்ற வழிய மட்டும் பாத்தா போதாது போலிருக்கே? கொஞ்ச நேரம் உள்ளே நிக்கவும் வேணுமே."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்த முள்ளை விரலில் உருட்டிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தார். அதன்பின் சில மாதங்களுக்கு மேஜையும் கத்திரிக்காயும் அவர் வசமாகின. எதற்கு எது என்று அவராகவே கண்டுபிடிக்கத் தொடங்கினார். காம்பு நீளமாக இருந்தால் ரப்பர் மீனின் உடம்பு விறைத்துப்போய் வால் ஆடுவதில்லை. முனைக்கும் காம்புக்கும் நடுவில் இடம் குறைவாக இருந்தால் ரப்பரின் தடிமனே அதை அடைத்துக்கொள்கிறது. மீனின் உதடு நுழைய இடமிருப்பதில்லை. கம்பி மெல்லிசாக இருந்தால் கொடுவா நிமிர்த்திவிடும். கனமாக இருந்தால் சின்ன ரப்பர் மீன் தலைகுப்புற மூழ்கிவிடும். கடைசியில் அவர் வந்து நின்றது குட்டைக் காம்பும் அகன்ற வளைவும் கனத்த கம்பியுமான ஒரு முள்ளில். குட்டி முள்ளை நசுக்குவதை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை.

"அது இல்லாட்டி மீனு கழண்டுக்கும் சிஸ்டர்."

"நூல தொய்ய வுடாம வெச்சிகினா கழலாது சார். தொய்ய வுட்டா போவும். போனா போவட்டும், நம்ம தப்புதான அது?"

அவர் பிடித்ததை விட விட்டது அதிகம். என் கணக்கில் நல்ல கொடுவாக்கள் எத்தனையோ அந்த நசுக்கிய முள்ளிலிருந்து வழுக்கிப் போயிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் நான்தான் புலம்புவேன்.

மதுராந்தகம் ஏரியில் விரால் பிடிக்கப் போனபோது ஒரு தகராறு. அங்கே தண்ணீர் முழுக்கத் தாமரைக் கொடி. முனை வெளியே தெரிந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் கொடியில் மாட்டும். அதற்கென்று தலைப்பக்கம் இரண்டு மடிப்பு மடித்த ஒரு முள் உண்டு. முனையை ரப்பர் உடம்புக்குள்ளேயே திருப்பிச் செருகி மறைத்துவிடலாம். மீன் கடித்து ரப்பர் அமுங்கும்போதுதான் முனை வெளியே வரும். மச்சினன் அடுத்த தடவை வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. சிஸ்டருக்கு அது பிடிக்கவேயில்லை.

"முள்ளு உள்ள ஒளிஞ்சிகினு கீது சார். மாட்டற வரிக்கும் தெரியாது. இந்த மாதிரி மனுசங்களயே எனக்குப் புடிக்காது."

அன்று முழுக்க வெளியே முனை தெரியும் முள்ளையே போட்டுக் கொடியில் சிக்க வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் முட்டளவு தண்ணீரில் இறங்கிக் கழற்றிக்கொண்டு வந்தார். நூலை அறுத்துவிட்டு வந்தால் போதும் என்றால் கேட்க மாட்டார். முள்ளைத் தண்ணீரில் விட்டுவிட்டு அவர் வீடு திரும்பி நான் பார்த்ததில்லை.

அவருக்குச் சொந்த ஊர் படாளம் பக்கம். விவசாயக் குடும்பம். அப்பா இல்லை, அம்மாவும் இரண்டு அண்ணன்களும். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்து முடித்து, "பொண்ணு ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்வார்களாம். இவர் மாப்பிள்ளையைப் பார்த்து, "நாளிக்கி ரெண்டு பேருக்கும் ஒத்து வரலேன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்பாராம்.

"அவ்ளதான்க்கா. டம்ளர கீழ வெச்சிட்டு எழுந்து போயிடுவாங்க. ஒருத்தரு மட்டும் பதில் சொன்னாரு. அப்டில்லாம் நெனக்கிற பொண்ணு எனக்கு வேணாம்னாரு. நல்ல மனுசன், உள்ளத சொன்னாரு."

மனை விற்க வந்தவர்களிடம் திருப்பி விற்பது எப்படி என்பார். புது மாத்திரை எழுதும் டாக்டரிடம், "இத எப்ப சார் நிறுத்தணும்?" என்பார். டாக்டருக்கு அது எரிச்சல். நோயாளிகளுக்கு அதனாலேயே அவரைப் பிடிக்கும். எதனால் இப்படி என்று என் மனைவி பல கதைகளை யூகித்து வைத்திருந்தாள். சின்ன வயதில் எங்கேயாவது அடைபட்டிருப்பார் என்பாள். கேட்டால், "பொறந்ததே கால் முன்னால வந்து பொறந்தனாம்க்கா, அதான்" என்று சொல்லி மழுப்பிவிடுவார்.

சில வருடங்கள் இப்படியே போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாயலூரில் நாங்கள் இருந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒருவர் வீசிக்கொண்டிருந்தார். கல்பாக்கத்தில் வாடகை வேன் ஓட்டுகிறவர், பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். எங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, சென்னைக்குப் போனபோது பர்மா பஜாரில் ஒரு ரப்பர் மீன் வாங்கி வந்திருந்தார். அதன் வயிற்றில் மூன்று கிளையாகப் பிரிந்த முள் தொங்கியது. அவருடைய ஆறு வயது மகள் கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. வீசுவதற்காகக் கோலைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் சுழற்றினார். குழந்தை அலறியது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒரு கிளை வலது கண்ணின் மேல் இமையில் ஏறியிருந்தது. அப்பா முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். சிஸ்டரின் காலைப் பிடித்தார்.

"நீதான எல்லாத்தயும் எடுப்ப. எடுத்து வுடு சிஸ்டர். எடுத்து வுடு."

சிஸ்டர் குழந்தையின் முகத்துக்கு அருகே குனிந்து பார்த்தார். பிறகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன்."

"சிஸ்டர்..."

"இது எந்த வழியா வரும்னு எனக்குத் தெரியில. தெரியாதத தொட மாட்டேன். எழுந்திரு. வண்டி எங்க கீது?"

நூலை அறுத்து ரப்பர் மீனைக் கத்தரித்து எடுத்தார். டீக்காக நாங்கள் கொண்டு போயிருந்த காகிதக் கப் ஒன்றைக் கண்ணின் மேல் கவிழ்த்து, தன் துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். வேன்காரரால் சாவியைத் துவாரத்தில் போட முடியவில்லை, நான் ஓட்டினேன். அப்போது கடற்கரைச் சாலை இவ்வளவு அகலம் கிடையாது. ஒவ்வொரு குழியிலும் குழந்தை முனகியது. பின் சீட்டில் அதன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சென்னை கண் ஆஸ்பத்திரி வரைக்கும் சிஸ்டர் பேசிக்கொண்டே வந்தார். மகாபலிபுரம் வந்ததும் கல் யானையைப் பற்றி, கோவளம் வந்ததும் படகுகளைப் பற்றி. "ஒரு கண்ணு இங்க தூங்கிகினு கீது, இன்னொரு கண்ணால பாத்து எங்கிட்ட சொல்லு, இப்ப இன்னா தெரியிது?" குழந்தை அழுகைக்கு நடுவில் சொன்னது: "மாடு."

கண் தப்பியது. ஆனால் முள் கருவிழியைக் கீறியிருந்தது. பார்வை மங்கலாக இருக்கும், பழக்கப் பழக்கத் தேறலாம் என்றார்கள்.

நாலைந்து நாள் கழித்து வேன்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கோலையும் பெட்டியையும் அப்படியே தண்ணீரில் வீசிவிட்டேன் என்று சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார். சிஸ்டர் எனக்கு ஆள் அனுப்பி இடுக்கியோடு வாயலூருக்கு வரச் சொன்னார். நான் போனபோது அவர் கரையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வேன்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆளுய்யா நீ? பொம்பளைங்க எறால் தடவறதுக்கு இங்கதான எறங்கறாங்க? உம் பொண்ணு கண்ணு போறாதுன்னு இன்னொருத்தர் கால்ல ஏத்தணுமா? தேடு!"

கழிமுகத்தில் தண்ணீர் இறங்கும்வரை தேடி எடுத்தார். சிஸ்டர் கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாக என் இடுக்கியால் வெட்டினார். வேன்காரர் எதிரில் ஈரத்தோடு நின்று அழுதுகொண்டிருந்தார். அவருடைய மனைவி காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். குழந்தையை வளர்த்தது அவருடைய வயதான அம்மா.

மாதம் ஒருமுறை குழந்தையைச் சென்னைக்குக் காட்டக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வேன்காரருக்கு வாடகை அமைந்த நாட்களில் சிஸ்டர் கூட்டிப்போனார். நல்ல கண்ணை மூடிவிட்டு மங்கலான கண்ணால் பார்த்துப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தை அந்த மூடியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டது. சிஸ்டர் எங்கள் வீட்டு மேஜையில் அதை உட்கார வைத்து, ரப்பர் மீன்களைக் கொட்டுவார். "பச்சைய தனியா வெய். வாலு சேப்பா கீறத தனியா வெய்." முதலில் குத்துமதிப்பாகத் தடவி வைத்த குழந்தை, ஒரு வருடத்தில் மங்கிய கண்ணாலேயே என்னை விட வேகமாகப் பிரித்து வைத்தது. என் ரப்பர் மீன் பெட்டி அவ்வளவு ஒழுங்காக வேறு எப்போதும் இருந்ததில்லை.

வேன்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவர் சொன்னது அந்த மேஜையில்தான். படாளத்தில் அண்ணன்கள் குதித்தார்கள். நம் ஆட்கள் வேறு, அவர்கள் வேறு என்றார்கள். இரண்டாந்தாரமாக, குப்பத்துக்கு, ஒரு குழந்தையும் படுக்கையில் கிடக்கப்போகும் கிழவியும் இருக்கிற வீட்டுக்கா? அம்மா அழுதார். பெரிய அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார்: போனால் போனதுதான், இந்த வீட்டுப் படியில் அதன்பிறகு கால் வைக்கக் கூடாது.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சிஸ்டர், நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு ஒத்து வரலேன்னா திரும்பிப் போக ஓரிடம் கெடையாதே. நீங்கதானே ஊருக்கெல்லாம் அத கேப்பீங்க?"

சிஸ்டர் கீரைத் தண்டை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்க்கா. அத நெனச்சேன்னா போவ மாட்டேன். அதான் நெனைக்கல."

திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டார் இடத்தில் நானும் என் மனைவியும் நின்றோம். குழந்தை அப்போதும் அவரை "சிஸ்டர்" என்றே கூப்பிட்டது. அதன்பிறகும் அப்படியேதான்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். வேன்காரர் கெட்டவர் கிடையாது, பேசாதவர். மகளின் இமையிலிருந்த தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஏதோ அவரைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தது. குடிக்கத் தொடங்கினார். சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. மீன் பிடிக்க வருவது நின்றேபோனது. வழியில் பார்த்தால், "வேல சார், வேல," என்பார்.

ஒரு மத்தியானம் சிறுமியோடு வந்தார். தோளில் ஒரு துணிப்பை. வழக்கம்போல வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். சிறுமி கூடத்தில் பாயில் படுத்துத் தூங்கிவிட்டது. என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். டீயை ஆற்றிக்கொண்டே அவராகச் சொன்னார்.

"பையத் தூக்கிகினு, புள்ளய கூட்டிகினு கெளம்பினேன்க்கா. தெரு மொன வரிக்கும் வந்துட்டேன். பின்னாலயே வந்து சொல்றாரு: நீ போறதுன்னா போ, அது எம் பொண்ணு, உம் பொண்ணா அதுன்னு." டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரியாத்தான கேட்டாரு? எங்க போயி நின்னு நான் எம் புள்ளன்னு சொல்லுவேன்?"

"இங்கேயே இருங்க சிஸ்டர்," என்றாள் என் மனைவி. "நாலு நாள் இருங்க. அவரே வருவாரு."

"நான் இருக்கலாம்க்கா. எனுக்கு எங்க வேணா எடம் கெடைக்கும், கையில தொழில் கீது. அது என்னா பண்ணும்?"

வெயில் தாழ்ந்தபோது சிறுமியை எழுப்பினார். நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருவரும் திரும்பிப் போனார்கள். நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனேன். சிறுமி வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டு வந்தது. தப்பு விட்ட இடத்தில் சிஸ்டர் திருத்திக்கொண்டு வந்தார்.

அந்த இரண்டு மூன்று வருடங்களை அவர் எப்படிக் கடந்தார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. வேன்காரர் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தது தெரியும். அவரை அங்கே கிடத்தி, குழாய் சொருகி, பார்த்துக்கொண்டவர் சிஸ்டர்தான் என்பதும் தெரியும். எழுந்தபின் அவர் குடிக்கவில்லை. பழையபடி பேசாமல் வேன் ஓட்டினார். கிழவி இறந்தார். படாளத்திலிருந்து சிஸ்டரின் அம்மா மட்டும் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். எங்களுக்கும் பிள்ளைகளின் படிப்பு, சொந்த வீடு என்று ஆகிவிட்டது. அணுபுரத்தை விட்டுச் செங்கல்பட்டுக்குக் குடி வந்துவிட்டோம்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது செங்கல்பட்டு பஸ் நிலையத்தில். ஊருக்குப் போவதற்காக நின்றிருந்தேன். திருச்சி பஸ் ஒன்றின் பக்கத்தில் வேன்காரர் ஒரு பெரிய பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். ஜன்னல் சீட்டில் கண்ணாடி போட்ட ஒரு பெண். வலது இமையில் மெல்லிய கோடு. திருச்சியில் கல்லூரியில் இடம் கிடைத்து விடுதியில் சேரப் போகிறாள். கூட ஒரு தோழியும் அந்தத் தோழியின் அப்பாவும் போகிறார்கள். சிஸ்டருக்கு முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "சார்!" என்றார். அதற்கு மேல் என்னிடம் பேச அவருக்கு மனமில்லை. ஜன்னல் வழியாக அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணி காய்ச்சிக் குடி. ராத்திரியில படிக்காத, கண்ணு வலிக்கும். யாரு கூப்ட்டாலும் தனியா போவாத.

பஸ் கிளம்பியது. சிஸ்டர் கையை விடவில்லை. கூடவே நடந்தார். கண்டக்டர் படிக்கட்டிலிருந்து கத்தினார்.

"எம்மா, கைய வுடும்மா! சக்கரத்துல வுழுந்து வெக்கப் போற!"

"வுடு. ஏய், வுடும்மா," என்று வேன்காரரும் பின்னால் வந்தார்.

நடை ஓட்டமாகிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இன்னொரு கையால் சிஸ்டரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவசரமே இல்லாமல், ஒன்றை எடுத்து விட்டுவிட்டு அடுத்ததை. அவள் கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டியிருந்தது. முகம் சிரித்தபடி இருந்தது.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். போயி போன் பண்றேன். பொங்கலுக்கு வந்துடுவேன். வுடு சிஸ்டர்."

கடைசி விரலும் விடுபட்டது. பஸ் எங்களைத் தாண்டிப் போனது. சிஸ்டர் அப்படியே நின்றார். பிறகு திடுக்கிட்டுத் தன் இடது கையைப் பார்த்தார். அதில் துணியில் முடிந்த டிபன் டப்பா இருந்தது.

"அய்யோ, இத குடுக்கலியே! புள்ள இன்னா துண்ணும்?"

வேன்காரர் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். நிலையத்தின் வாசலில் எதிரே ஒரு பஸ் உள்ளே நுழைந்துகொண்டிருந்ததால் திருச்சி பஸ் நின்றிருந்தது. அந்த வயதில் அவர் ஓடியதைப் பார்த்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது.

சிஸ்டருக்கு அங்கிருந்து பார்க்க முடியவில்லை. நடுவில் ஆட்கள்.

"வாங்கிகிச்சா சார்? பாத்து சொல்லுங்க. வாங்கிகிச்சா?"

"வாங்கிட்டா சிஸ்டர்."

தலையை ஆட்டினார். உள்ளே வந்த பஸ் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. இறங்கியவர்கள் பைகளோடும் குழந்தைகளோடும் அவரை இடித்துக்கொண்டும் சுற்றிக்கொண்டும் போனார்கள். அவர் வழியில் நின்றுகொண்டிருந்தார், ஒதுங்கவேயில்லை.